முதல் பத்து நிமிடம் பார்க்காத விமர்சகன்

தியேட்டரில் டார்ச் அடிக்கிற வேலையில் ஒரே ஒரு வசதி, படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் டிக்கெட் வாங்கி ஏமாந்தவன் நான் இல்லை என்கிற நிம்மதி. ஒரு சங்கடமும் உண்டு. டிக்கெட் வாங்கியவன் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தப்பிவிடுவான், நான் மறுபடியும் அதே படத்துக்கு அதே இடத்தில் நிற்க வேண்டும். லீவு நாளை ஒரு குப்பைப் படத்துக்குத் தாரை வார்த்துவிட்டு, 'பேசாமல் வீட்டில் தூங்கியிருக்கலாம்' என்று புலம்பிக்கொண்டே திரும்பிய சக பாவிகளே, நம் எல்லோர் சார்பிலும்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் இசக்கி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பு தாராவி, வேலை சயனுக்கும் செம்பூருக்கும் நடுவே ஒரு பழைய தியேட்டரில் டோர்கீப்பர். டிக்கெட்டைக் கிழிப்பது, ஸீட்டைக் காட்டுவது, போனில் சத்தமாகப் பேசுகிறவனை அதட்டுவது, இவ்வளவுதான் உத்தியோகம். வாரம் முழுக்க இந்திப் படம். சனி, ஞாயிறு காலை ஷோ மட்டும் தமிழ். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்கத் தமிழ் பேசுகிற ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள். அந்த ஷோ இருக்கும்வரை நான் இருப்பேன். அது போனால் நானும் போகவேண்டியதுதான். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கவுன்ட்டருக்கு முன்னால் நான்

செம்பூர், காட்கோபர் ஆபீஸ் ஜனங்கள் மொபைலிலேயே ஸீட் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்கள் தாராவி ஜனம் அப்படி இல்லை. குளித்து, பூ வைத்து, பிள்ளைகளுக்குப் பவுடர் அப்பி, குடும்பத்தோடு பஸ் ஏறி வந்து, கவுன்ட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே என்னிடம் வருவார்கள். சனிக்கிழமையே நான் படத்தைப் பார்த்திருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். 'படம் எப்படி?' என்று கேட்காமல் ஒருத்தரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள்.

பொன்ராஜ் அண்ணாச்சி எங்கள் பக்கத்துச் சந்துக்காரர். இட்லி வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை இட்லி விற்று முடிந்ததும் மனைவி செல்லத்தாயோடு கிளம்பி வந்துவிடுவார். அந்த வாரம் ஓடியது ஒரு குடும்பப் படம். "எப்படில இருக்கு?" என்றார்.

"அண்ணாச்சி, அம்மாக்காரிக்கு நெஞ்சுவலி இடைவேளைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. டாக்டர் கண்ணாடியக் கழட்டுனா எந்திரிச்சு சமோசா வாங்கப் போயிருங்க, யாரோ சாகப் போறாகன்னு அர்த்தம். ஹீரோ மூணு தங்கச்சிக்கும் கல்யாணம் பண்ணி வைக்கான். நாலாவது தங்கச்சி எங்கேருந்து வந்தான்னு டைரக்டருக்கே தெரியாது" என்றேன்.

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கவுன்ட்டருக்குப் போய் டிக்கெட் எடுத்தார். இவ்வளவு சொன்ன பிறகும் ஏன் எடுக்கிறார் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. இடைவேளையில் என்னிடம் வந்து, நாலாவது தங்கச்சி சித்தப்பா மகள் என்று ஒரு மூச்சுச் சண்டையும் போட்டார். செல்லத்தாய் மதினி மட்டும் உள்ளே நுழையும்போதே புருஷனைக் கையால் காட்டிச் சொல்லிவிட்டுப் போனாள்: "அழுறதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரணுமாக்கும், தம்பி? அதான் வீட்டுலயே இவுக இருக்காகல்லா."

இருநூறு வருஷத்துக்கு அப்புறம்

விஞ்ஞானப் படம் என்றால் எனக்கு உயிர். அதனாலேயே அதிகம் திட்டுவதும் அதைத்தான். வேற்றுக் கிரகவாசிகள் ஏன் எப்போதும் அமெரிக்காவிலேயே இறங்குகிறார்கள் என்பது என் பழைய சந்தேகம். குர்லா ஸ்டேஷனில் காலை நேரத்தில் இறங்கப் பார்க்கட்டும், கூட்டம் இறங்க விடாது, அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். பூமி தப்பித்தது.

தமிழ்ப் பேச்சு ஒட்டிய ஓர் இங்கிலீஷ் படம் வந்தது. இருநூறு வருஷத்துக்குப் பிந்திய உலகமாம். உலகம் கெட்டு, மனுஷன் சீரழிந்து, நரகமாகிவிட்டது என்று காட்டுகிறார்கள். எப்படி? தகரத்துக்கு மேல் தகரம் அடுக்கி ஆளுக்கு ஒரு ரூம். வெயில் விழாத சந்து. தலைக்கு மேல் கரன்ட் வயர் சிக்கு. ஒரு குழாய்க்கு முன்னால் குடத்தோடு நீள வரிசை. ஹீரோ அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, "இதுவா என் பூமி?" என்று முழங்கால் போட்டு விழுகிறான்.

ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. சோகமான இடத்தில் ஏன் சிரிக்கிறார்கள் என்று இந்திக்கார ஆபரேட்டர் பயந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். தாராவியைப் பத்து நாள் சுற்றிப் பார்த்துவிட்டு உலக அழிவு என்று படம் எடுத்திருக்கிறான் புண்ணியவான். நாங்கள் அதில் சமையல் செய்து, பிள்ளையைப் படிக்கவைத்து, கொலுசு வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. வெளியே வரும்போது எங்கள் சந்துப் பெண்மணி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "இருநூறு வருசம் கழிச்சும் குழாயில தண்ணி வரலன்னா, நாம இப்ப எதுக்குல ஓட்டுப் போடுதோம்?"

சாவந்த் சாஹேப் போட்ட கட்டளை

எங்கள் மேனேஜர் சாவந்த் சாஹேப். தமிழ் தெரியாது. ஆனால் நான் கேட்டில் நின்று கையை ஆட்டிப் பேசுவதையும், முகத்தைச் சுளிப்பதையும், அதைக் கேட்டு ஒன்றிரண்டு குடும்பம் திரும்பிப் போவதையும் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் கூப்பிட்டார்.

தமிழ் ஷோவில் கூட்டம் குறைகிறது. மாசக் கடைசிக்குள் ஞாயிற்றுக்கிழமை பாதி ஹாலாவது நிறையவில்லை என்றால், முதலாளி அந்த நேரத்துக்கும் இந்திப் படம் போட்டுவிடுவார். கூட்டம் குறையக் காரணம் என் வாய். சோற்றைத் தின்கிற இலையிலேயே துப்புகிறேன். இப்படி ஒரு மூச்சுப் பொரிந்து தள்ளிவிட்டு, நான் வாயை மூடினால்தான் அவர் ஷோ ஓடும் என்பதை ஒரே வரியில் முடித்தார்: "தூ மூ பந்த் ரக், தபீ மேரா ஷோ சாலூ ரஹேகா."

எந்தக் கீழே?

மூடினேன். ஒட்டுமொத்த வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியம் அதுதான்.

அந்த வாரம் பார்த்து ஒரு விண்வெளிப் படம். நம் ஹீரோ நெற்றி நிறைய விபூதியோடு ராக்கெட் ஏறுகிறார். எடை என்பதே இல்லாத இடத்தில், மிதந்துகொண்டே, வில்லனை ஓர் அடி அடிக்கிறார். வில்லன் பொத்தென்று கீழே விழுகிறான். எந்தக் கீழே? எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கீழே என்று ஒன்று இருந்தால்தானே விழுவதற்கு! ஹீரோயின் அந்த ராக்கெட்டுக்கு டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டு வருகிறாள். அங்கே எப்படி வந்தாள் என்று கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து ஒரு இளஞ்சோடி வந்தது. "அங்கிள், பிக்சர் கைஸா ஹை?" என்று அதே கேள்வியை இந்தியில் கேட்டான் பையன். நான் சிரித்தேன். அந்தக் 'கீழே' தொண்டைக்குழி வரைக்கும் வந்து முட்டியது. விழுங்கிக்கொண்டு மறுபடியும் சிரித்தேன். அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்து இழுத்தாள்: "பாவம் அங்கிள், ரொம்பக் கஷ்டப்பட்டு சொல்லாம நிக்கறாரு. சல், வா, ஓடிடி-ல பாத்துக்கலாம்."

சொஸைட்டி செக்ரட்டரி

ராமநாதன் சார் மாட்டுங்காக்காரர். ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ரிட்டயரானவர். பாலக்காட்டுப் பூர்வீகம். எந்தப் படமானாலும் ஓர ஸீட்டில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்து, கடைசிப் பெயர் ஓடி முடிகிறவரை எழுந்திருக்க மாட்டார். ஷோ முடிந்த பிறகு பேசுவதற்குச் சாவந்த் சாஹேப் தடை போடவில்லை என்பதால் அவரிடம் கொட்டித் தீர்ப்பேன்.

காலத்தில் முன்னும் பின்னும் போகிற படம் ஒன்று. "என்ன சார் இது, கடைசியில பெத்த பொண்ணு முன்னால வந்து நிக்கா, ஹீரோ யாரோ எவரோன்னு பாக்கான். லாஜிக்கே இல்ல. டைரக்டரத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தணும்" என்றேன்.

"ஒவ்வொரு தடவை பின்னால போறச்சேயும் அவனுக்கு ஒரு ஞாபகம் அழிஞ்சுடும்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டானே. நீ பாக்கலையோ?" என்றார் அவர்.

நான் பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால், எந்தப் படத்தின் ஆரம்பத்தையும் நான் பார்த்ததே இல்லை. ஜன கண மன பாடும்போது கதவு சாத்தியிருக்கும். பாட்டு முடிந்து விளக்கு அணைந்ததும், லேட்டாக வந்து வெளியே நிற்கிற பட்டாளம் மொத்தமும் உள்ளே பாயும். சனிக்கிழமை வந்தவர்களுக்கு டிராஃபிக் என்று ஒரு சாக்கு, ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கு தண்டவாள வேலைக்கு ரயிலை நிறுத்துகிற மெகாபிளாக் என்று ஒரு சாக்கு. ஒவ்வொருத்தருக்கும் டார்ச் அடித்து, வேறொருத்தர் ஸீட்டில் உட்கார்ந்தவரை எழுப்பி, இருட்டில் மிதிபட்டவரைச் சமாதானம் செய்து நிமிர்வதற்குள் பத்து நிமிஷம் போய்விடும். திரையைப் பார்த்தால் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்துதான் எனக்குப் படம் ஆரம்பம்.

முக்கியமானதை முதல் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டு மிச்ச நேரமெல்லாம் வாயைத் திறக்காமல் இருக்கிறவனும் குற்றவாளிதான் என்று நான் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. நான் ஆரம்பத்தையே பார்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டதைக் கேட்ட ராமநாதன் சார் குடையை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்: "ஆரம்பம் என்னன்னே தெரியாம தீர்ப்பு மட்டும் அடிச்சுச் சொல்றயே, நீ எங்க ஹவுசிங் சொஸைட்டிக்கு செக்ரட்டரியா இருக்க வேண்டிய ஆளப்பா."

நான் சொன்ன ஒரே பாராட்டு

மாசக் கடைசி ஞாயிறு வந்தது. சாவந்த் சாஹேப் அன்றைக்கு ஜன்னலில் இல்லை, என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். படம் ஒரு அப்பா, மகள் கதை. முந்தின நாள் பார்த்தபோது எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அப்பாக்காரன் படம் முழுக்க ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே திரிகிறான். தூங்கும்போதும் பாட்டில், கோர்ட்டிலும் பாட்டில். மகளைக் கடத்தியவர்களை அந்த பாட்டிலாலேயே அடித்துப் போடுகிறான். ஏதோ தண்ணீர் கம்பெனிக்காரன் காசு கொடுத்து எடுத்த விளம்பரம் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் ஷோ போனால் வேலை போகும். அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. வாரம் பூராவும் 'ஸீட் நம்பர் கியா ஹை' என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறவனுக்கு, 'எப்படில இருக்கு?' என்று நாலு பேர் வந்து கேட்கிற இரண்டு காலை அது. அதை இழக்க எனக்கு மனசில்லை. பொன்ராஜ் அண்ணாச்சி வந்து கேட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "பிரமாதம் அண்ணாச்சி. கட்டாயம் பாருங்க."

அண்ணாச்சி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "எலே, ஒடம்புக்கு என்னமும் செய்யுதா? நீ நல்லாருக்குன்னு சொல்லுததுன்னா ஏதோ வில்லங்கம் இருக்கு" என்று மதினியைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அவரைப் பார்த்துப் பின்னால் நின்ற இரண்டு குடும்பமும் நடந்தது. சாவந்த் சாஹேபுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அண்ணாச்சியை மறித்து, ஏன் போகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். படம் மொபைலிலும் வரும், இவ்வளவு தூரம் வருவதே இவன் வாயைக் கேட்டுவிட்டு, உள்ளே போய் அது சரியா தப்பா என்று பார்க்கத்தான் என்பதை அண்ணாச்சி தன் தாராவி இந்தியில் உடைத்துச் சொன்னார்: "ஹம் இஸ்கா பக்பக் சுன்னே ஆத்தா ஹை, சாப். பிக்சர் தோ மொபைல் மே பீ தேக்தா ஹை."

தண்ணீர் பாட்டில்

ஜன கண மன முடிந்தது. கதவைத் திறந்தேன். வெளியே ஈ காக்கை இல்லை. உள்ளே ராமநாதன் சாரும், ஏசிக்காக ஒதுங்கிய நாலைந்து பேரும். டார்ச் அடிக்க ஆள் இல்லாததால் அணைத்துவிட்டு, சார் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தேன். வேலை நேரத்தில் நான் ஹாலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

திரையில் ஓர் ஊர் பஸ் ஸ்டாண்டு. மகள் முதல் வேலைக்குக் கிளம்புகிறாள். அப்பாவுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. "தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்" என்று இறங்கிக் கடைக்குப் போகிறார். கடையில் சில்லறை இல்லை, அடுத்த கடைக்கு ஓடுகிறார். திரும்பி வரும்போது பஸ் போய்விட்டது. பாட்டிலை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார். பாட்டு இல்லை, வசனம் இல்லை, ஒருத்தரும் அழவில்லை. அவ்வளவுதான்.

சொல்ல என்ன வெட்கம்? என் மகள் படிக்கப் புனாவுக்குக் கிளம்பிய அன்றைக்கு, தாதர் ஸ்டேஷனில் வடாபாவ் வாங்கப் போய்விட்டு, ரயிலின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நானும் இதே மாதிரி நின்றேன். அந்த வடாபாவை வீட்டுக்கும் கொண்டுபோக முடியாமல், தூர எறியவும் மனசு வராமல், பிளாட்பாரத்திலேயே நின்று தின்றேன். அதற்கப்புறம் வழக்கம்போல் படம் நாசமாய்ப் போயிற்று. கடத்தல், கோர்ட், அறுபது அடியாள். ஆனால் அந்தக் கை பாட்டிலை ஏன் விடவில்லை என்று இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. ராமநாதன் சார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "இப்போ சொல்லு, அது விளம்பரமா?"

உத்தரவின் பேரில் திட்டியது

சாவந்த் சாஹேப் முதலாளியிடம் கெஞ்சி இன்னும் ஒரு வாரம் வாங்கினார். புதுப்படம் எதுவும் வரவில்லை, அதே பாட்டில் படம்தான். ஞாயிறு காலை என் தோளைத் தட்டி, சத்தமாகவே பேசச் சொன்னார்: "போல் இசக்கி, ஜோர் ஸே போல்." வாயை மூடச் சொன்ன அதே மனுஷன். நான் திட்டவே கூடாது என்று நினைத்த முதல் படத்தைத் திட்டச் சொல்லி உத்தரவு. என் ஜாதகம் அப்படி.

நான் பழைய இசக்கியாகிவிட்டேன் என்று பொன்ராஜ் அண்ணாச்சிக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். சந்து ஜனத்தையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"கேவலம் அண்ணாச்சி! அறுபது தடியனையும் ஒத்தத் தண்ணி பாட்டிலால அடிக்கான், பாட்டில் நசுங்கக்கூட இல்ல. ஜட்ஜு தீர்ப்பு சொல்லாம அழுதுக்கிட்டு உக்காந்திருக்காரு. இடைவேளைக்கு அப்புறம் கண்ண மூடித் தூங்கலாம்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டம் சிரித்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "ஆனா ஜன கண மனவுக்கு முன்னாடியே உள்ள போயி உக்காந்துருங்க. முத பத்து நிமிசத்த விட்டீகன்னா எம் மூஞ்சியில முழிக்காதீக."

பாட்டு முடிந்து கதவைத் திறந்தால் வெளியே ஒருத்தரும் நிற்கவில்லை. எல்லோரும் ஸீட்டில் இருந்தார்கள். சாவந்த் சாஹேப் பின்னால் நின்று ஹாலை ஒரு பார்வை பார்த்தார், பாதிக்கு மேலேயே இருந்தது. தமிழே தெரியாத மனுஷன், திரையில் அந்த பஸ் போகிறவரைக்கும் அங்கேயேதான் நின்றார். நானும் நின்றேன்.

ஷோ முடிந்து அண்ணாச்சி வழக்கம்போல் சண்டைக்கு வந்தார். பாட்டில் நசுங்கியது, தான் கண்ணால் பார்த்ததாக அடித்துச் சொன்னார். மதினி மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைக் கடந்து போனாள். நாலடி போய்த் திரும்பினாள்: "அழுறதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரலாம்னு நீ மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா, தம்பி."

ஆகவே மக்களே, இந்த ஊரில் தமிழ் சினிமா இன்னும் ஓடிக்கொண்டிருப்பது எடுத்தவன் புண்ணியத்தால் அல்ல, வாசலில் நின்று அதைத் திட்டுகிறவன் தொண்டைத் தண்ணீரால்.